கைதுக்குப் பிறகு யார் பொறுப்பு?

காரைதீவையும் கல்முனையையும் சுற்றியுள்ள கரையோர ஊர்களில் ‘ஐஸ்’ போதைப்பொருள் பற்றிய பேச்சு இல்லாத வீடு குறைவு. பிடிக்கப் பொலிஸ் உண்டு, அடைக்கச் சிறை உண்டு. பிடிபட்ட இளைஞனை மனிதனாக மீட்டெடுக்கும் வேலையை மட்டும் யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரை நீளும் பிரதான வீதியில் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இது தமிழர் ஊர், அது முஸ்லிம் ஊர் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நாம்தான். போதை வியாபாரிக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அவனுடைய சரக்கு எல்லா ஒழுங்கைகளுக்கும் போகிறது.

இதற்கு நாம் இதுவரை கண்ட மருந்துகள் மூன்று. ஒன்று, கைது. இரண்டு, விழிப்புணர்வு ஊர்வலம்: பதாகை, வெள்ளைச் சீருடை மாணவர்கள், மேடையில் உறுதிமொழி. மூன்றாவது மருந்து வீட்டுக்குள் நடப்பது. மகன் பழக்கத்துக்கு ஆளானது தெரிந்ததும் கடனை உடனை வாங்கி அவனைக் கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்பிவிடுவது. இந்த மூன்றும் பலவருடமாக நடக்கின்றன. பிரச்சினை குறைந்ததாகச் சொல்வார் யாரும் இல்லை.

ஒரு பொடியனின் பாதை

உதாரணத்துக்கு ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்திரண்டு. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றது. உம்மா சில வருடம் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்தவர். வாப்பாவுக்குக் கடல் தொழில். பையன் ஒரு கடையில் கொஞ்ச நாள், ஓட்டோவில் கொஞ்ச நாள். ஒரு மாலையில் சிறு பொட்டலத்தோடு பிடிபடுகிறான். மறுநாள் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படுகிறான். பதினான்கு நாள் விளக்கமறியல்.

பிடிபட்ட பொருள் இன்னதுதான் என்று உறுதிப்படுத்த அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் அறிக்கை வர வேண்டும். திணைக்களம் கொழும்புப் பக்கம். நாடு முழுவதிலிருந்தும் மாதிரிகள் அங்கேதான் குவிகின்றன. தாமதம் எல்லோருக்கும் தெரிந்தது. தவணை தவணையாக வழக்கு தள்ளிப்போகிறது. இந்தப் பகுதிக்குக் கிட்டிய பெரிய சிறை மட்டக்களப்பில். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வாரம் ஒருமுறை மகனைப் பார்க்கப் போய்வரும் தாய்க்கு அந்த நாள் கூலி போகிறது, பஸ் காசும் போகிறது. சட்டத்தரணியின் கட்டணம் தனி.

உள்ளே அவனோடு படுத்திருப்பவர் யார்? மோட்டார் சைக்கிள் திருடியவர், தண்டப்பணம் கட்ட முடியாதவர், பெரிய வியாபாரியின் கையாள். வெளியே வரும்போது கடை முதலாளி அவனை வேலைக்கு எடுப்பதில்லை. பேசிவைத்திருந்த கலியாணம் முறிந்திருக்கும். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆயத்தமாக இருப்பவன் ஒருவன்தான், உள்ளே பழகிய கையாள். அரசாங்கம் தன் செலவில் அந்த வியாபாரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

நிரம்பி வழியும் கூடங்கள்

இது ஒரு கரையோரக் கதை மட்டுமல்ல. இலங்கைச் சிறைகளில் முறையாக இருக்கக்கூடியவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர். அண்மைக் காலத்தில் அங்கே அடைபட்டிருப்போர் தொகை 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் பெரும்பான்மையோர் தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதிகள். தண்டனை பெற்றவர்களிலும் ஆண்டுதோறும் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட இயலாமல் உள்ளே போனவர்கள். ஏழ்மையே அங்கே குற்றமாகிறது.

நெரிசலின் விலை என்ன என்பதை 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறை காட்டியது. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில் வெடித்த அந்தக் கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அப்படியிருந்தும் கதவுகள் உள்நோக்கியே திறந்தன. 2022ஆம் ஆண்டு 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐந்து கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்போருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று வகுத்தது. 2023 டிசம்பர் 17இல் போதைக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதம் நிறைவதற்குள் 29 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைதானதைச் சுட்டிக்காட்டி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்தது. போதைப் பாவனையைச் சுகாதாரப் பிரச்சினையாகவும் பார்க்கும்படி கேட்டது. 2025 ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க போதைக்கு எதிரான ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற தேசியச் செயற்பாட்டைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு அரசாங்கமும் ஒரு பெயரோடு வருகிறது. கைது எண்ணிக்கை மறுநாளே பத்திரிகையில் வருகிறது. மீண்டவர் எண்ணிக்கை மட்டும் வருவதில்லை.

‘புனர்வாழ்வு’ என்ற சொல்லும் நம் காதுக்குப் புதிதல்ல. பொலன்னறுவை மாவட்டக் கந்தகாடு நிலையம் இராணுவத்தின் பொறுப்பில் நடந்தது. 2022 ஜூன் மாத இறுதியில் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்து தப்பியோடினர். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திருத்தங்களோடு 2023 ஜனவரி 18இல் அது நிறைவேறியபோது 225 பேர் கொண்ட சபையில் ஆதரவாக விழுந்தவை 23 வாக்குகள், எதிராக 6. மற்றவர்கள் சபையில் இல்லை. இந்த நாட்டின் அரசியல்வாதிகள் மறுவாழ்வுக்குக் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

கல்முனைக்கும் ஒரு காயம் உண்டு. இங்குள்ள சிறுவர் நன்னடத்தை நிலையமொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் 2023 நவம்பர் இறுதியில் உயிரிழந்தான். தாக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்து, அங்கு பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். திருத்துவதற்கென்று கட்டிய இடத்திலேயே பிள்ளை சாகுமானால், கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் போதாது என்பது தெளிவு.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

மாற்று வழிகளுக்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பதுதான் வியப்பு. 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையைத் தருகிறது. கட்டாய ஆகக்குறைந்த தண்டனை இல்லாத சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக, மேற்பார்வையின் கீழ் சமூக சேவை, ஆலோசனை, தொழிற்பயிற்சி என்று நீதிமன்றம் பணிக்கலாம். இதற்கென ஒரு திணைக்களமே இருக்கிறது. நடைமுறையில் அது பல இடங்களில் வைத்தியசாலை வளவைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிறது. கூட்டக் குப்பைக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டிமுடித்தவனுக்கு அடுத்த நாள் வேலை எங்கே என்று கேட்பார் இல்லை.

2007ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்கிறது. ஆனால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நீண்டகாலச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, காலி, கண்டி ஆகிய இடங்களில் இருப்பவை. நிந்தவூரிலிருந்து ஒரு தாய் தமிழில் மட்டும் பேசத் தெரிந்த மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதை நினைத்துப் பாருங்கள். ஆலோசனை என்பது பேச்சினால் நடக்கும் சிகிச்சை. மொழி புரியாத இடத்தில் அது எப்படி நடக்கும்?

ஐஸ் விடயத்தில் இது இன்னும் முக்கியம். ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் உலகில் உண்டு. ஐஸ் பழக்கத்துக்கு அப்படி நிலைநாட்டப்பட்ட மாற்று மருந்து இன்றுவரை இல்லை. வாரக்கணக்கில் தொடரும் ஆலோசனை, குடும்பத்தின் துணை, போதை எடுக்காமல் கடந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு வெகுமதி, தூக்கமும் உணவும் சீராகும் ஒழுங்கு, நாளை நிரப்ப ஒரு வேலை: பலன் தந்தவை இவைதான். இவற்றில் எதற்கும் மதிலும் முட்கம்பியும் வேண்டாம்.

கிளாஸ்கோவும் சிக்காகோவும் செய்தது

சிறையை மட்டும் நம்பாமல் இளைஞரை மீட்க முயன்ற நகரங்கள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கத்திக்குத்துக்குப் பேர்போனது. 2005இல் அங்குள்ள பொலிஸாரே வன்முறையை ஒரு நோயாகப் பார்க்கத் துணிந்து தனிப் பிரிவொன்றைத் தொடங்கினர். அதை நடத்திய இருவரில் ஒருவர் கொலை வழக்குகளை விசாரித்துக் களைத்த துப்பறிவாளர் ஜோன் கார்னொகன். மற்றவர் தாதியாகத் தொழில் தொடங்கி உளவியலுக்கு வந்த கரின் மெக்ளஸ்கி. 2008 முதல் கும்பல் இளைஞர்களை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள், விசாரணைக்காக அல்ல. கத்திக்குத்தில் பிள்ளையை இழந்த தாய் பேசினார். கிழிந்த முகங்களைத் தைத்த சத்திரசிகிச்சை நிபுணர் பேசினார். பொலிஸ் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: ‘இனியும் கத்தியைத் தொட்டால் முழுக் கும்பலையும் விடமாட்டோம். வன்முறையை விட நினைத்தால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.’ அழைத்தவர்களுக்கு வேலை, பயிற்சி, ஆலோசனை காத்திருந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் ஸ்கொட்லாந்தின் கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 2012 கோடையில் வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பாடசாலைகளிலிருந்து 1,634 மாணவர்களை எடுத்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரப் பகுதிநேர வேலையும் வழிகாட்ட ஒரு பெரியவரும் கிடைத்தார்கள். அடுத்த 16 மாதத்தில் அவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு. கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகே தெரிந்தது. தெருவில் நிற்க நேரமில்லாததால் மட்டும் அவர்கள் திருந்தவில்லை. முதலாளியோடு பேசவும், கோபத்தை அடக்கவும், நேரத்துக்கு வரவும் அந்த எட்டு வாரத்தில் பழகிக்கொண்டதையே ஆய்வாளர் காரணமாக ஊகித்தனர்.

சியாட்டில் நகரம் 2011இல் இன்னொன்றைச் செய்தது. சிறு போதைக் குற்றத்துக்குப் பிடித்தவரைப் பொலிஸ்காரர் கூண்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே ஒரு சமூகப் பணியாளரிடம் ஒப்படைத்தார். தங்க இடம், மருத்துவம், அடையாள அட்டை என்று தேவை எதுவோ அதை அந்தப் பணியாளர் தேடிக் கொடுத்தார். இப்படிப் போனவர்கள் மீண்டும் கைதாகும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாக வோஷிங்டன் பல்கலைக்கழக மதிப்பீடு சொன்னது.

நல்லெண்ணத்தில் தொடங்கிய எல்லாமே பலித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டிய திட்டத்தை ஆராய்ந்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் போன பிள்ளைகள்தான் அதிகம் குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தது. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, வகுப்பறைக்குப் பொலிஸ்காரர் வந்து போதைக்கெதிராகப் பாடம் நடத்திய திட்டமும் பாவனையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. நம் ஊர் ஊர்வலங்களும் பதாகைகளும் எந்தப் பக்கம் சேரும் என்பதை ஏற்பாட்டாளர்கள் யோசிக்கலாம்.

நம்மிடம் இருப்பவை

‘அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் என்ன?’ என்று கேட்பீர்கள். ஆட்கள் இருக்கிறார்கள். காரைதீவுப் பிரதேச செயலகத்தையோ சாய்ந்தமருதுப் பிரதேச செயலகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகம் என்றால் உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர் என்று அரசு வகுத்த பதவிகள் உண்டு. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபைக்குக் கீழ். வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு மத்திய, மாகாண சுகாதாரத்துக்குக் கீழ். சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர் நீதி அமைச்சுக்குக் கீழ். பொலிஸ் இன்னொரு அமைச்சுக்குக் கீழ். ஐந்து விரலும் இருக்கின்றன, கை இல்லை.

கல்முனையில் இது இன்னும் சிக்கல். இங்கே பெரிய வைத்தியசாலைகள் இரண்டு, செயலகப் பிரிவுகளின் எல்லைக்கு நெடுங்காலச் சண்டை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக 2019இல் உண்ணாவிரதமே நடந்தது. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது வழக்கு காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. சேவைகளைச் சமூகத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கேட்கிறோம். விளக்கமறியல் கூடத்தில் நம் பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கிறார்கள்.

அந்த வகையில் காரைதீவுப் பிரதேச சபைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. காரைதீவின் தமிழரும் மாளிகைக்காட்டின் முஸ்லிம்களும் ஒரே சபைக்கு வாக்களிப்பவர்கள். சபை சிறியது, ஊர்கள் நெருக்கமானவை. பிடிபட்டவன் யாருடைய மகன் என்று இங்கே விசாரிக்கத் தேவையில்லை. இந்த மண்ணில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியபோது ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் வழியையும் சேர்த்தே யோசித்தவர். பிள்ளைக்குப் புத்தி சொல்லுமுன் சோறும் பாயும் கொடுக்க வேண்டும் என்ற அறிவு இந்த ஊருக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

சின்னச் சண்டைகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் 300க்கும் அதிகமான சபைகள். சம்பளம் இல்லாத ஊர்ப் பெரியவர்கள் மூவர் இருந்து பேசித் தீர்ப்பார்கள். வேலிச் சண்டை, கைகலப்பு, சிறு சேதம் எல்லாம் வழக்காகாமல் இங்கேயே முடிவது நாம் அன்றாடம் காண்பது. நீதிமன்றத்துக்கு வெளியே நீதி கிடைக்கும் என்று முப்பது வருடத்துக்கு மேலாக நிரூபித்த நாடு இது. போதைக்கு முதல்முறை பிடிபட்டவன் விடயத்தில் மட்டும் ஏன் அந்தத் துணிவு வரவில்லை?

பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களில் ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்துப் பங்கிடும் அமைப்புகள் இயங்குகின்றன. தையல் இயந்திரம், மீன்பிடி வலை, வீடு, சிறு கடை என்று எத்தனையோ குடும்பங்களை அவை நிமிர்த்தியிருக்கின்றன. ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் வகுத்த எட்டுப் பிரிவினரில் ஏழைகள், கடனாளிகள் உண்டு. அடிமைத்தளையிலிருந்து மனிதரை விடுவிப்பதற்கும் பங்கு உண்டு. தண்டப்பணம் கட்ட முடியாமல் அடைபட்டவனும், பழக்கத்திலிருந்து மீண்டு தொழில் தேடுகிறவனும் இந்தப் பிரிவுகளுக்குள் எப்படி வருகிறார்கள் என்பதை உலமாக்கள் சொல்லட்டும். கேள்வியைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் முன்வைக்க வேண்டும். கோயில் திருவிழா உபயத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குவதும் கோயில் நிர்வாகங்களால் முடியாத காரியமல்ல. மருதமுனையின் நெசவு, சாய்ந்தமருதின் கடல் தொழில், காரைதீவின் வயல் என்று ஒவ்வொரு ஊரிலும் ஆறு மாதம் கைபிடித்து வேலை பழக்கக்கூடிய முதலாளிகள் இருக்கிறார்கள்.

‘திருடனுக்குச் சலுகையா? என் பிள்ளை ஒழுங்காகப் படித்தும் வேலையில்லாமல் இருக்கிறானே’ என்ற கேள்வி கட்டாயம் எழும். எழ வேண்டியதும்தான். பதில் எளிது. வியாபாரியைப் பிடியுங்கள், சொத்தை முடக்குங்கள், தண்டியுங்கள். ஆனால் பாவித்தவனை அதே வண்டியில் ஏற்றினால் வெளியே வரும்போது அவன் களவெடுக்கப்போவது படித்த உங்கள் பிள்ளையின் மோட்டார் சைக்கிளைத்தான். சேவை செய்வது அவனுக்கான பரிசு அல்ல, ஊருக்கான காவல்.

செய்ய வேண்டியது

முதல்முறை, சிறு அளவு, வன்முறை இல்லாத வழக்கு என்றால், நீதவான் மன்றில் நிறுத்தும் அன்றே உளவளத்துணை உத்தியோகத்தரும் சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தரும் அங்கே இருக்க வேண்டும். பிணையே பொது விதி, மறியல் விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை; சட்டம் இடம் தரும் வழக்குகளில் அதைக் கேட்கத் தயங்கக்கூடாது. கல்முனைப் பகுதிக்குத் தமிழில் இயங்கும் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் ஒன்று வேண்டும். அது இராணுவத்துக்குக் கீழ் அல்ல, சுகாதாரத்துக்குக் கீழ். சிறையிலிருந்து வருகிறவனை வாசலில் சந்தித்து ஆறு மாதம் கூடவே நிற்க, சம்பளம் பெறும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கான செலவைக் காரைதீவுப் பிரதேச சபை தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் போட்டுத் தொடங்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த ஊர்வலத்துக்கு உங்களைப் பதாகை பிடிக்கக் கூப்பிடுவார்கள். போங்கள். போகுமுன் ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: போன மாதம் பிணையில் வந்த பையனை உங்களில் யார் போய்ப் பார்த்தீர்கள்? பதில் இல்லையென்றால் பதாகையை வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு நடங்கள்.